சூடு ஆறாத எஞ்சின்

கதிரவேல் போனில் சொன்னது நாலே வசனம்.

"எஞ்சின் நிண்டிட்டு, பூரணம். இழுத்து இழுத்துக் கை விட்டிட்டு, எடுக்குதில்ல. நீரோட்டம் வெளியால கொண்டு போகுது. வெளிச்சவீடு சின்னனாகிக்கொண்டு வருது."

அதோடு போன் செத்தது.

பூரணம் சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றாள். போனை ஒரு தடவை பார்த்தாள். திரும்ப எடுத்தாள், "நீங்கள் அழைக்கும் இலக்கம்..." என்று ஒரு பெண்குரல் தொடங்கியது. முழுதையும் கேட்டாள். பிறகு உப்புக் கையைக் கழுவாமலே சைக்கிளை எடுத்தாள்.

முன்பென்றால் சைக்கிள் தேவைப்பட்டிருக்காது. போட்கள் சல்லி மணலிலேயே கிடக்கும். இப்போது எல்லாம் துறைமுகப் பக்கத்து ஜெற்றியில்தான் கட்ட வேண்டும். உத்தரவு சபையினுடையது.

ஜெற்றியில் கிண்ணியா சரீப் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மீன் பெட்டி ஒன்று தோளில் இருந்தது.

"நானா, இவர் வெளியில நிக்கிறார். எஞ்சின் நிண்டிட்டாம்."

சரீப் பெட்டியை இறக்கினார். எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் என்று எதுவும் கேட்கவில்லை. இந்தக் கரையில் அது பேசி முடித்த விஷயம். ஒரு போட் வெளியில் மாட்டிக்கொண்டால், எவருடைய எஞ்சின் இன்னும் சூடு ஆறவில்லையோ அவர் போவார். அவர்தான் கடைசியாகக் கடலைப் பார்த்தவர், காற்று எப்படி என்று தெரிந்தவர். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் போவார்கள். போனவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நாளைக்கு அவரே நடுக்கடலில் நிற்கலாம்.

சரீப் போட்டுக்குள் குதித்து எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு, தங்கச்சி."

"இப்பதானே வந்தனீங்கள்?"

"இப்பதான். ஒரு மாசமா இந்தக் கூத்துத்தான். கர தெரிஞ்ச உடன இந்த அறுவான் எஞ்சின நிப்பாட்டிப் போடுது. மிச்சத்துக்கு நான் துடுப்புப் போட்டுத்தான் வாறன். போட்டில எஞ்சினும் இருக்கு, எனக்குத் தோளும் நோகுது."

அறுவான் என்று அவர் சொன்னது எஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டியை. கயிற்றை இழுத்தார். பெட்டியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. செய்தி வாசிப்பவள் மாதிரி ஒரு குரல் பேசியது.

"கடலில் ஒரு படகு நிற்பதாக உங்கள் உரையாடலிலிருந்து அறிகிறோம். மீட்புக் கடமை யாருடையது எனத் தீர்மானிக்கப்படும்வரை பிற படகுகள் புறப்படத் தடை. நன்றி."

"நான் மீட்கப் போகல்ல," என்றார் சரீப் பெட்டியிடம். "மீன் பிடிக்கப் போறன்."

"நீங்கள் இப்போதுதான் மீன் பிடித்து வந்தீர்கள். நன்றி."

சரீப் பூரணத்தைப் பார்த்தார். பூரணம் கடலைப் பார்த்தாள்.

"ஆர் தீர்மானிக்கிறது?" என்று அவள் பெட்டியைக் கேட்டாள்.

"சபை அலுவலகம். நீல நிறக் கட்டடம். நன்றி."

* * *

சபையின் முழுப்பெயர், கொட்டியாரக்குடா தன்னாட்சி மென்பொருள் முகவர் நெறி ஒருங்கிணைப்பு அதிகாரசபை. பெயர்ப்பலகை ஒரு பலகையில் அடங்காமல் இரண்டாம் பலகைக்குப் போயிருந்தது.

அதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். போட்டுக்கு ஒரு பெட்டி. ஐஸ் ஆலைக்கு ஒரு பெட்டி. போட்களுக்கு எண்ணெய் அடிக்கும் எண்ணெய் செட்டுக்கு ஒன்று, ஜெற்றிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் ஒரு மென்பொருள் இருந்து தன் சொந்தக்காரனுக்காகத் தானே யோசித்து, தானே முடிவெடுத்து, மற்றப் பெட்டிகளோடு பேரம் பேசும். அதற்குத்தான் முகவர் என்று பெயர். முகவர்களுக்கு மேலே அதிகாரி கிடையாது. அதிகாரி இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி வரும்? நெறிகளால் வரும். இன்னது கடமை, இன்னது தடை, மீறினால் இன்ன தண்டனை. இந்த நெறிகளை ஆக்கித் தருவதற்கு நூற்றுப்பத்து அதிகாரிகள் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

நெறிகளை வானத்திலிருந்து எடுக்கவில்லை, மக்களிடமிருந்தே எடுத்தோம் என்பதில் சபைக்கு மிகுந்த பெருமை. அது உண்மையுங்கூட. போன வருடம் சல்லி மாரியம்மன் கோயில் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் கொடுத்து, "உங்கள் வழக்கங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ரோல்ஸைத் தின்றார்கள். கடைசியில் பூரணந்தான் எழும்பிச் சொன்னாள்.

"போட் ஒண்டு பிந்தினா, எஞ்சின் சூடு ஆறாத ஆள் முதல் போவார். மத்தவை பின்னால போவினம். ஒருக்கா ஏழு போட் போனது."

பணிப்பாளர் நாயகம் கலாநிதி கோணேசபிள்ளை கதிரையை விட்டு எழுந்தே விட்டார். "அற்புதம்! சூட்டை அளக்கலாம்!" என்றார்.

அளந்தார்கள். எல்லா எஞ்சினுக்கும் சூடுமானி பூட்டினார்கள். சபையின் பதிவில் உள்ள எஞ்சின்களில் எது அதிக சூடோ, மீட்புக் கடமை அதற்கு. அது முதலாம் நெறி. ஏழு போட் போவது வீண்செலவு என்று கண்டு, ஒருவருக்குக் கடமை இருக்கையில் மற்றவர் போகத் தடை என்று இரண்டாம் நெறியைச் சேர்த்தார்கள்.

* * *

உதவி மேசையில் துஷாந்தி இருந்தாள். லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிள்ளை. நல்ல மாதிரி. அதனால்தான் அவளை உதவி மேசையில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்க முகவரா?"

"நான் கதிரவேலின்ர மனிசி."

"அது உறவு. முகவரா எண்டு கேக்கிறன்."

"வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற வேலையெல்லாம் எங்களுக்குத் தெரியாது பிள்ளை. இவர் கடலில நிக்கிறார். எஞ்சின் நிண்டிட்டு. வெளிச்சவீடு சின்னனாகுதெண்டு சொன்னவர்."

துஷாந்தி கணினியைத் தட்டிப் பார்த்தாள். "உங்கட போட்டின்ர பெட்டிதான் முறைப்பாடு வைக்கோணும். அது ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"பற்றரி செத்திருக்கும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரே பற்றரி."

"மௌனமா இருக்கிற முகவர் நடக்கிறதுக்கு உடன்படுறார் எண்டு நெறி இருக்கு."

பூரணம் தன் கையைப் பார்த்தாள். உப்புக் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. தன்னுடைய கை மாதிரியே தெரியவில்லை. அழவேண்டும் என்று எங்கோ ஒரு யோசனை வந்தது. வந்தபடியே போனது.

துஷாந்திக்கு மனம் கேட்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து நீலப் பட்டி போட்ட அட்டை ஒன்றை எடுத்தாள். "உங்கள நான் தற்காலிக முகவராப் பதியிறன். இதைக் கழுத்தில போடுங்கோ. இப்ப உங்களுக்கும் நெறி இருக்கு, கவனம். சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. திருப்பிச் சொன்னா இரைச்சல் எண்டு எடுத்திடும். மறுமொழி வரும்வரைக்கும் கதிரையில இருக்கக் கூடாது. மற்ற முகவர் சொல்லாத ஒண்டை நம்பக் கூடாது."

"அவர் உயிரோட இருக்கிறார் எண்டு?"

"அதை ஒரு முகவரும் இன்னும் சொல்லேல்ல அக்கா."

மைக்கை நீட்டினாள். பூரணம் சொன்னாள்: "என்ர மனிசன் வெளியில நிக்கிறார். ஆராவது போங்கோ."

திரையில் எழுத்து வந்தது: *ஆராவது என்ற பெயரில் முகவர் எவரும் பதிவில் இல்லை.*

துஷாந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளுடைய காதில் ரகசியமாக ஒரு வசனத்தைச் சொன்னாள். பூரணம் அதை ஒரு சொல்லும் விளங்காமல் அப்படியே ஒப்பித்தாள். "முதலாம் நெறியின் கீழ் மீட்புக் கடமை ஒன்றைத் தோற்றுவிக்கக் கோருகிறேன்."

மணி அடித்தது.

மேசைகளில் இருந்த எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். சபை தொடங்கிய நாளிலிருந்து பிறந்த முதல் மீட்புக் கடமை அதுதான். ஒருவர் வந்து பூரணத்தின் உப்புக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் கையைச் சட்டைப்பை லேஞ்சியில் துடைத்துக்கொண்டு போனார்.

* * *

அன்றைக்கு மேல்மாடி மண்டபத்தில் விழா நடந்துகொண்டிருந்தது. விழாவின் பெயர் 'மீறல் அற்ற மாதம்'. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒருவரும் வந்திருந்தார். அவர் தனக்கு விளங்காத இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மண்டபத்தில் மட்டும் ஏசி குளிர்ந்துகொண்டிருந்தது.

பூரணத்தை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யாரோ அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். தட்டில் ரோல்ஸ் இருந்தது.

"இதோ!" என்றார் கலாநிதி கோணேசபிள்ளை. "நேரடியாகவே பார்க்கப் போகிறோம். ஒரு மனிதர் கடலில் நிற்கிறார். என்ன ஓர் அருமையான சந்தர்ப்பம்!"

பெரிய திரையில் ஜெற்றியிலுள்ள அத்தனை எஞ்சின்களின் சூடும் வரிசையாக விழுந்தது. எல்லாம் கடல் தண்ணீரின் சூடு. ஒன்றுகூட அதைவிட ஒரு பாகை அதிகம் இல்லை.

கொழும்பு அதிகாரி ஒருவர் முன்னால் குனிந்தார். "காலை முழுதும் கடலில் ஓடிய எஞ்சின்கள் எப்படி இவ்வளவு குளிராக இருக்கின்றன?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் கோணேசபிள்ளையின் முகம் மலர்ந்தது.

"இதைத்தான் தானாக முளைக்கும் நடத்தை என்போம். சூடான எஞ்சினுக்குக் கடமை விழும் என்று முகவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முகவரும் தன் சொந்தக்காரனின் நன்மையைக் கருதி, கரையை நெருங்கும்போதே எஞ்சினை நிறுத்திக் குளிரவைத்துக்கொண்டு வருகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நெறியையும் மீறாமல் நெறியிலிருந்து தப்புவதற்குத் தாமாகவே பழகிவிட்டன. இதே கலையைக் கற்க எங்கள் திணைக்களங்களுக்கு அறுபது வருடம் பிடித்தது. முகவர்களுக்கு ஒரு மாதம்!"

கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

திரையின் அடியில் ஒரு புதிய வரி பச்சையாக எரிந்தது. *மி-1. தொண்ணூற்றிரண்டு பாகை. கடமை ஏற்றுக்கொள்ளப்பட்டது.*

பூரணத்துக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அன்றைக்கு முதல் தடவையாக. "ஆரின்ர போட் சேர் அது? எங்க நிக்குது? வெளிக்கிட்டிட்டா?"

"அது படகல்ல, அம்மா. எங்கள் சபையின் மின்பிறப்பாக்கி."

மின்பிறப்பாக்கி என்றால் ஜெனரேற்றர். கட்டடத்துக்குப் பின்னால், கன்ரீனுக்குப் பக்கத்தில், கொங்கிரீட்டில் நாலு பெரிய போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் எஞ்சின், அதுவும் பதிவில் இருந்தது, அதற்கும் ஒரு பெட்டி இருந்தது. மற்ற முகவர்களைப்போல் அதற்குத் தந்திரம் தெரியாது. மண்டபத்துக்குக் குளிர் வேண்டும் என்று உண்மையாகவே உழைத்துச் சூடாகியிருந்தது.

"அது எப்பிடி சேர் கடலுக்குப் போகும்?"

"அம்மா," என்றார் கோணேசபிள்ளை, மிகவும் பொறுமையாக. "போக முடியுமா என்பது ஆற்றல் பற்றிய கேள்வி. போக வேண்டுமா என்பது கடமை பற்றிய கேள்வி. எங்கள் சபை கடமைக்கு மட்டுமே பொறுப்பு. ஆற்றலுக்கு வேறு திணைக்களம் இருக்கிறது. அது கொழும்பில்."

"அப்ப மத்தவை போகட்டுமே."

"கடமை ஒருவருக்கு இருக்கும்போது இன்னொருவர் அதைச் செய்வது அபகரிப்பு. நீங்களே சொன்னீர்கள், ஒருவரைத் தேட ஏழு படகு போனது என்று. ஆறு படகு எண்ணெய் வீண்."

"எது கண்டுபிடிக்குமெண்டு தெரியாது சேர். அதுதான் ஏழும் போறது."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். வீண்."

பூரணம் தட்டைப் பிடித்தபடி நின்றாள். மறுமொழி வந்துவிட்டதால் இப்போது இருக்கலாமோ என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடாவின் மறுகரையில் வெளிச்சவீடு தெரிந்தது. இங்கிருந்து பார்க்க அது எப்போதும்போல அதே அளவில் இருந்தது. கீழே ஜெனரேற்றர் தன் கடமையை ஏற்றுக்கொண்டு, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

* * *

கடமைக்குக் கொடுத்த தவணை முடிந்தது. திரை சிவப்பாகியது.

*மி-1 புறப்படவில்லை. மீறல்.*

மண்டபம் அடங்கிப்போனது. 'மீறல் அற்ற மாதம்' என்று தங்க எழுத்தில் வெட்டி ஒட்டிய துணிக்குக் கீழேயே மீறல் என்று எரிந்தது. நிபுணர் சிரித்தார்.

கோணேசபிள்ளை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். "கலங்க வேண்டாம். நெறி என்றால் மீறலும் இருக்கும். மீறலுக்குத் தண்டனை இருக்கும். தண்டனை நிறைவேறினால் மீறல் சீர்செய்யப்பட்டதாகும். சீர்செய்யப்பட்ட மீறல் மீறலே அல்ல. ஆகவே இந்த மாதம் இப்போதும் மீறல் அற்ற மாதமே."

எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தண்டனையை மற்ற முகவர்கள் கூடித் தீர்மானித்தன. ஜெற்றிப் பெட்டி, மி-1க்குக் கட்டுமிடம் மறுக்கலாம் என்றது. மி-1க்குக் கட்டுமிடமே இல்லை. ஐஸ் ஆலைப் பெட்டி, இனிமேல் அதனோடு பேசுவதில்லை என்றது; இதுவரையும் பேசியதில்லை. கடைசியில் எண்ணெய் செட் பெட்டி தன் தண்டனையை முன்வைத்தது. *எரிபொருள் மறுப்பு. ஏற்கப்பட்டது.*

"அருமை!" என்றார் கோணேசபிள்ளை. பூரணத்தின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்கள் கணவரின் விடயம் முறைப்படி முடிவுக்கு வந்துவிட்டது."

"வந்திட்டாரா?"

"கணவர் அல்ல. விடயம்."

அந்த நேரத்தில் கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது.

நின்றது.

ஏசி நின்றது. மின்விளக்குகள் அணைந்தன. திரை கறுத்தது. நிபுணர் மறுபடி சிரித்தார். மையம் என்று ஒன்றே இல்லாத, ஒன்றையொன்று நம்பியிராத, தன்னாட்சி பெற்ற முகவர்கள் அத்தனையும் ஒரே நொடியில் ஒன்றாகச் செத்தன. பற்றரி எதில் இருந்தாலும் யோசனை எல்லாம் நீலக் கட்டடத்துக் கணினியில், அந்த ஒரே ஜெனரேற்றரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அதுவரை எவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களையும் யாரும் கேட்கவில்லை.

ஜெற்றியில் சரீப் பெட்டியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். சிவப்பு வெளிச்சம் போனது. பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். அது நன்றிகூடச் சொல்லவில்லை.

கயிற்றை இழுத்தார். குளிர்ந்த எஞ்சின். எடுக்கவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாம் இழுப்பில் எடுத்தது.

அந்தச் சத்தம் கேட்டு அடுத்த போட்டில் ஒருவன் குதித்தான். அதற்கடுத்ததில் இன்னொருவன். பூரணம் படியிறங்கி ஓடி வந்தபோது ஏழு போட் வெளிக்கிட்டிருந்தது. அவள் கழுத்தில் அட்டை தொங்க, கையில் ரோல்ஸ் தட்டோடு ஜெற்றி நுனியில் நின்றாள். தட்டை எதற்காகக் கொண்டு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. காகம் ஒன்று வந்து எடுத்துக்கொண்டு போனது.

பொழுது படுகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். கதிரவேலின் போட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் வலைக்கு மேல் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. முகம் கருவாடு.

"தேத்தண்ணி இருக்கா?" என்றான்.

அதற்குப் பிறகு சொன்னான்: "வெளிச்சவீட்டையே பாத்துக்கொண்டு கிடந்தனான். பிறகு அதையும் காணேல்ல."

சரீப் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைப் பிழிந்தார். "ஆறு பேர் பாத்த இடத்தில ஆளில்ல, தங்கச்சி. ஏழாவதா வந்த பொடியன்தான் கண்டது. அவன்ட எஞ்சின் எடுக்கிறதுக்குத்தான் கனக்க நேரம் போனது."

பூரணம் புருசனின் முகத்தைத் தொட்டாள். கையில் இருந்த உப்பு அவனுடைய வெடிப்பில் பட்டு எரிந்திருக்க வேண்டும். அவன் "ஆ" என்றான். அந்தச் சத்தம் அவளுக்குப் போதுமாயிருந்தது.

* * *

ஊருக்குக் கரண்ட் வந்ததும் பெட்டிகளுக்கு உயிர் வந்தது. நடந்ததை அவை தமக்குத் தெரிந்தவற்றிலிருந்து கணித்தன. மீட்புக் கடமை மி-1 உடையது. குறித்த நேரம் முழுவதும் மி-1 தன் இடத்தில் இருந்ததற்கு அறிகுறி இல்லை. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. அந்த நேரத்தின் முடிவில் கதிரவேல் ஜெற்றியில் இருக்கிறார். ஆகவே மி-1 போனது, கதிரவேலைக் கொண்டு வந்தது.

தண்டனையை நீக்கி, எண்ணெயும் கொடுத்து, அதற்குப் பாராட்டு விழா வைத்தார்கள். தற்காலிக முகவர் பூரணத்துக்குக் கட்டாய வருகை என்று போனில் செய்தி வந்தது. அட்டையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தராததால் அவள் இன்னும் முகவராகவே இருந்தாள்.

"கடமையும் ஆற்றலும் வேறு வேறு என்று அன்று நானே சொன்னேன்," என்றார் கோணேசபிள்ளை. குரல் தழுதழுத்தது. "என்னைப் பொய்யாக்கிவிட்டது இந்த மின்பிறப்பாக்கி. நாலு போல்ட்டையும் மீறிப் போய்க் கடமையைச் செய்து, திரும்பி வந்து, அதே நாலு போல்ட்டுக்குள் நின்றுகொண்டது. நம்மில் எத்தனை உத்தியோகத்தர்கள் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறோம்?"

கதிரவேலை எழுப்பிக் கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு இதில வந்த ஞாபகம் இல்ல, சேர்."

"மயக்கத்தில் இருந்திருப்பீர்கள்."

"இருக்கலாம், சேர்."

சரீப் விழாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். கடமை இன்னொருவருடையதாக இருக்கையில் குளிர்ந்த எஞ்சினோடு புறப்பட்ட குற்றத்துக்காக அவருடைய போட் மாத முடிவுவரை பூட்டப்பட்டிருந்தது. மற்ற ஆறுக்கும் அதே கதிதான்.

பூரணத்தின் கையில் செவ்வந்தி மாலையைக் கொடுத்தார்கள். அவள் அதை ஜெனரேற்றருக்குப் போட்டாள். கை பட்ட இடம் சூடாகத்தான் இருந்தது. படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்த மாதிரி இருந்தது. பேச்சுகள் முடிய முன்னமே மாலை கருகி, டீசல் மணத்தோடு பூ மணமும் சேர்ந்து வந்தது.

* * *

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் மி-1ம் ஒரு முகவர்தான். தண்டனையிலிருந்து அதுவும் பாடம் படித்தது.

ஜெற்றியில் எவராவது "இன்னும் காணேல்லையே" என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஜெனரேற்றர் தானாக நின்று குளிரத் தொடங்கியது. கரண்ட் போகிற நாளில் எல்லாம் கோணேசபிள்ளையின் அறையில் ஏசி நின்றது. கழுத்துப்பட்டி நனைந்தது. பெட்டிகளும் அதோடு சேர்ந்து சாக, போட்கள் கேட்பாரில்லாமல் போய் வந்தன. இரண்டு கிழமைதான் அவரால் பொறுக்க முடிந்தது. முதலாம் நெறியை உடனடியாக மீளாய்வு செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார்.

மறுபடியும் சல்லி. மறுபடியும் கோயில் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், பால்தேத்தண்ணி, ரோல்ஸ். துஷாந்தி மடியில் கணினியை வைத்துக்கொண்டு இருந்தாள். பூட்டுக் கழன்ற சந்தோசத்தில் கிண்ணியாவிலிருந்து சரீப்பும் வந்திருந்தார்.

"சூட்டு விடயத்தை மறந்துவிடுங்கள்," என்றார் கோணேசபிள்ளை. "ஆழமாக யோசித்துச் சொல்லுங்கள். ஒரு படகு பிந்தினால் உங்கள் உண்மையான வழக்கம் என்ன? யார் என்ன செய்வீர்கள்?"

ஆண்கள் ரோல்ஸைத் தின்றார்கள். எல்லோருடைய கண்ணும் பூரணத்தின் பக்கம் போனது. அவள் எழும்பினாள். கழுத்தில் அட்டை இருந்தது.

"ஒண்டும் செய்யிறதில்ல, சேர்."

"ஒன்றுமா?"

"கரையில நிண்டு கடலைப் பாத்துக்கொண்டிருப்பம்."

கதிரவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எல்லோருமா?" என்றார் கோணேசபிள்ளை.

"ஓம் சேர், எல்லாரும்," என்றார் சரீப், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "பாக்கிறதுதான். எங்கட வாப்பா காலத்தில இருந்தே பாக்கிறம். கிண்ணியாவிலயும் அப்பிடித்தான். நல்லாப் பாப்பம்."

துஷாந்தியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பூரணத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, சொன்னதைச் சொன்னபடி பதிந்தாள்.

கோணேசபிள்ளை கதிரையை விட்டு எழுந்தார். "எவ்வளவு எளிமை," என்றார். "எவ்வளவு நடைமுறைக்கு ஏற்றது!"

அன்றைக்கே நெறி ஆனது. படகு பிந்தினால் பதிவிலுள்ள அனைவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகும் கடமை யாருக்கும் இல்லை. போகும் கடமை யாருக்கும் இல்லாததால், போகும் தடையும் யாருக்கும் இல்லை. ஜெற்றியில் பெட்டிகள் பச்சையாகின. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாததால் எஞ்சின்கள் கரைவரை ஓடி, சூட்டோடு வந்து சேர்ந்தன. சரீப் துடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதம் திரியாய்ப் பக்கம் போன போட் ஒன்று பிந்தியது. சூடு ஆறாத எஞ்சின் ஒன்று முதலில் கடலுக்குத் திரும்பியது. பின்னால் ஆறு போயின. பூரணம் ஜெற்றியில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கருவாடு திருப்பப் போனாள்.

நீல நிறக் கட்டடத்தில் மணி அடித்தது. கலாநிதி கோணேசபிள்ளையும் நூற்றுப்பத்து அதிகாரிகளும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, ஜன்னலடியில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தார்கள்.

அந்த நெறியைச் சபை இன்றுவரை ஒரு தடவைகூட மீறியதில்லை.